பிளஸ் டூவுக்குப் பின்: கொங்கு நாட்டில் படிப்பும் பட்டறையும்

மே மாதம் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த அன்று மாலைக்குள் கொங்கு நாட்டு வீடுகளில் ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிடுவார்கள். கணித மதிப்பெண் அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கூட்டினால் 200க்குக் கட்-ஆஃப். கணிதம் 88, இயற்பியல் 76, வேதியியல் 82 என்றால் 88, 38, 41, ஆக மொத்தம் 167. அந்த எண் கைக்கு வந்ததும் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்ற பேச்சு தொடங்கிவிடும். பெரியப்பா ஒன்று சொல்வார், சென்னையில் ஐ.டி. நிறுவனத்தில் இருக்கும் மாமன் மகன் போனில் இன்னொன்று சொல்வான். அந்தப் பிரிவைப் படித்து முடித்தவர் காலை எட்டு மணிக்கு எங்கே போகிறார், அங்கே நாள் முழுவதும் என்ன செய்கிறார் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை.

வேறு பல வட்டாரங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் பதில் பக்கத்தில் இருக்காது. இங்கே அப்படி இல்லை. கோவையில் பம்பும் மோட்டாரும் வார்ப்படமும், திருப்பூரில் பின்னலாடை, ஈரோட்டில் மஞ்சளும் ஜவுளியும், கரூரில் வீட்டு உபயோகத் துணிகளும் பஸ் பாடி கட்டுதலும், நாமக்கல்லில் லாரியும் கோழிப்பண்ணையும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள், சேலத்தில் எஃகும் ஜவ்வரிசியும், பொள்ளாச்சியில் தென்னை நார். எந்த ஊர் மாணவருக்கும் ஏதோ ஒரு தொழில் ஒரு பஸ் பயண தூரத்தில் இருக்கிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வேலையை நேரில் போய்ப் பார்க்க முடிகிற ஊரில் இருந்துகொண்டு, பார்க்காமலேயே நான்கு ஆண்டுகளையும் சில லட்சங்களையும் முடிவு செய்துவிடுகிறோம். இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கோவையின் முதல் பஞ்சாலையான ஸ்டேன்ஸ் மில் 1888இல் தொடங்கியது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலை இயந்திரம் பழுதானால் சரிசெய்யப் பட்டறைகள் வந்தன. பட்டறைகளுக்குத் தேவையான வார்ப்படத்தை ஊற்ற ஃபவுண்டரிகள் வந்தன. வானம் பார்த்த பூமியில் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டே போன விவசாயிக்குப் பம்பு வேண்டியிருந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கிக் காட்டினார்கள். அந்தத் தலைமுறையில் பட்டறை முதலாளி ஆனவர்களில் பலர் லேத் முன்னால் நின்று வேலை கற்றவர்கள்.

கல்லூரிகள் அந்தப் பட்டறைகளின் நிழலில்தான் எழுந்தன. 1945இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய கல்லூரி இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, குறுகிய காலத்தில் வேலையோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்கலாம் என்று நாயுடு வாதிட்டார். அரசு ஏற்காததால் பொறுப்பிலிருந்து விலகினார். 1951இல் வந்த பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில், வகுப்பும் தொழிற்கூடப் பயிற்சியும் கலந்த ஐந்தாண்டு ‘சாண்ட்விச்’ பிரிவு உண்டு. ஓராண்டு கூடுதலாகிறதே என்று பல பெற்றோர் அதை ஒதுக்குகிறார்கள். இந்த மண்ணின் கல்வி மரபுக்கு மிக நெருக்கமான படிப்பு அதுதான் என்பது என் எண்ணம்.

1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. பெருந்துறை, திருச்செங்கோடு, கோவை, சேலம் என்று நெடுஞ்சாலைகளின் இருபுறமும் கல்லூரிகள் எழுந்தன. சமூக அறக்கட்டளைகளும் தொழிலதிபர்களும் கல்விக்குப் பணம் போட்டார்கள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் வழி திறந்தது. அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் கல்லூரி பட்டறையிலிருந்து விலகி, மதிப்பெண்ணோடு ஒட்டிக்கொண்டது. 2007-08 முதல் நுழைவுத் தேர்வு நீங்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றானபோது நாமக்கல் வட்டார விடுதிப் பள்ளிகளின் காலம் உச்சத்துக்கு வந்தது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டால், பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப எழுத வைப்பார்கள் என்ற குற்றச்சாட்டு ஊரறிந்தது. 2017இல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை மீண்டும் நீக்கியது. விதிகள் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. பதினைந்து வயதில் விடுதிக்குள் போன பிள்ளை, பதினேழு வயதில் வெளியே வரும்போது தன் சொந்த ஊரில் என்ன தொழில் நடக்கிறது என்றே அறியாமல் வருகிறது.

அடுத்தது கணினிப் பிரிவின் ஈர்ப்பு. 2024-25 முதல், தகுதியுள்ள கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வைக்கலாம் என்ற உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு எடுத்துவிட்டது. கணினி அறிவியல், செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்ற பெயர்களில் இடங்கள் குவிய, மெக்கானிக்கல், சிவில், டெக்ஸ்டைல் பிரிவுகள் சுருங்கிவருகின்றன. பம்புக்கும் பஞ்சுக்கும் பேர்போன வட்டாரத்தில் இப்படி நடக்கிறது. கணினிப் படிப்பு தவறென்று சொல்ல வரவில்லை. விளாங்குறிச்சி டைடல் பார்க்கைச் சுற்றிலும் மென்பொருள் நிறுவனங்கள் வளர்ந்திருக்கின்றன. நிரல் எழுதுவதில் மனம் லயிக்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் 167 கட்-ஆஃப் வைத்திருக்கும் மாணவருக்கு, நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைக்கும்போது, பெயரே தெரியாத கல்லூரியில் கணினிப் பிரிவை வாங்கிக்கொடுப்பது வேறு விஷயம்.

ஒரு பட்டறைக்குள் போய்ப் பார்த்தால் இது விளங்கும். கோவை ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் ஜாப் ஒர்க் செய்யும், அதாவது பிற நிறுவனங்களுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் சிறு பட்டறைகளில் இன்று கணினி நிரலால் இயங்கும் சிஎன்சி இயந்திரங்கள் சாதாரணம். பம்பின் ஷாஃப்ட் ஒன்றைக் கடைய வேண்டும். பேரிங் உட்காரும் இடத்தில் விட்டம் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு கூடினாலோ குறைந்தாலோ அந்த ஷாஃப்ட் தள்ளுபடி. இயந்திரத்தில் இரும்புத் துண்டை மாட்டி, பொத்தானை அழுத்தி, எடுத்து வைக்கும் வேலையை ஒருவர் சில நாளில் கற்றுக்கொள்வார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். மைக்ரோமீட்டரில் அளவு பார்க்கிறார், டூல் தேய்ந்திருப்பதை அளவிலிருந்தே ஊகிக்கிறார், அதற்கேற்ப இயந்திரத்தில் பதிந்திருக்கும் டூல் அளவை, அதாவது ஆஃப்செட்டைத் திருத்துகிறார், புது வேலை வந்தால் டிராயிங்கைப் பார்த்து நிரலை மாற்றி எழுதுகிறார். இருவரும் நிற்பது ஒரே இயந்திரத்தின் முன்னால்தான். சம்பளமும் மரியாதையும் ஒன்றல்ல. இரண்டாமவர் இல்லாத நாளில் பட்டறை நின்றுவிடும். பத்து ஆண்டில் சொந்தமாக ஒரு இயந்திரம் போடும் யோசனைக்கு வருபவரும் அவர்தான்.

அந்த இரண்டாமவர் ஆவதற்குப் பல வாசல்கள் உண்டு, அவை ஒன்றோடொன்று இணைந்தவை என்பதுதான் வீடுகளில் தெரியாத செய்தி. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன் இரண்டாண்டு, வெல்டர் ஓராண்டு. பெரும்பாலான பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் ரோபாட், சிஎன்சி போன்ற நவீனப் பயிற்சிக் கருவிகளை மாநில அரசு அமைத்திருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூ முடித்தவருக்கும் அந்த வாய்ப்பு உண்டு. டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. படித்தவர் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றும் பெறலாம். ஆக, பதினாறு வயதில் ஐ.டி.ஐ. போன பிள்ளைக்குப் பட்டப்படிப்பின் கதவு அடைபடவில்லை. கையில் தொழிலோடு, கொஞ்சம் சம்பாதித்த பணத்தோடு அந்தக் கதவுக்கு வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

ஐ.டி.ஐ.க்கும் வேலைக்கும் நடுவே அப்ரென்டிஸ் பயிற்சி இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி நடப்பது. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவைத் தகுதிக்கேற்ப மாதம் 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை வகுத்தன. தெற்கு ரயில்வேயின் போத்தனூர் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பணிமனை அப்ரென்டிஸ்களை எடுக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகம் டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களை ஓராண்டுக்கு எடுக்கிறது. தனியார் நிறுவனத்தில் ‘டிரெய்னி’ என்று சேர்க்கிறார்களா, சட்டப்படியான அப்ரென்டிஸாகப் பதிவு செய்து சேர்க்கிறார்களா என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முடிவில் தேசிய அளவில் செல்லும் சான்றிதழ் கிடைப்பது இரண்டாவதில்தான்.

திருப்பூரின் கதை கொஞ்சம் வேறு. பனியன் கம்பெனி வேலை என்றாலே தையல் இயந்திரமும் செக்கிங் மேசையும் மட்டுமே கண்முன் வரும். ஏற்றுமதி அலுவலகத்தில், வாடிக்கையாளர் ஆர்டரைத் தொடக்கம் முதல் கப்பலேறும்வரை கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசரின் நாள் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் 180 ஜி.எஸ்.எம். துணி கேட்டிருக்கிறார், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம். வட்டமான ஒரு கட்டரைத் துணிமேல் வைத்துத் திருகினால் நூறு சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டுப்பட்டு வரும். அதைச் சிறிய எடைக்கருவியில் வைத்தால் 1.8 கிராம் காட்ட வேண்டும். 1.65 காட்டினால் துணி பின்னும் நிட்டிங்கில் தவறா, துணியை அழுத்திச் சுருக்கும் காம்பாக்டிங்கில் தவறா என்று தேடிப் போக வேண்டும். சாயப்பட்டறையில் நிறம் ஒத்துவந்ததா என்று பார்க்க வேண்டும். கப்பல் தேதி நெருங்க நெருங்க வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பி.காம். படித்தவரும் ஆங்கில இலக்கியம் படித்தவரும் இந்த வேலைக்கு வருகிறார்கள். முதலிபாளையத்தில் உள்ள நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி இதற்கென்றே ஆட்களைத் தயார் செய்கிறது. சேலத்தில் மத்திய அரசின் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் மூன்றாண்டு டிப்ளமோ நடத்துகிறது. உள்ளூர்ப் பிள்ளைகளில் பலர் அப்படியொன்று இருப்பதையே அறியவில்லை.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது திருப்பூர் திணறியது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை முறையாக நடத்துவது கட்டாயமானது, பி.எஸ்சி. வேதியியல் படித்தவர்களுக்கு அங்கே ஆய்வக வேலை உண்டு. இந்தத் தொழில் ஏறி இறங்கும் என்பதையும் மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது முதல் அடி விழுந்த ஊர்களில் திருப்பூரும் ஒன்று.

நிலமும் கால்நடையும் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஐந்தரை ஆண்டுப் படிப்பு. இவற்றுக்கான விண்ணப்பம் பொறியியல் கவுன்சலிங்கோடு சேர்ந்தது அல்ல. தனித்தனியாக, தனித்தனித் தேதிகளில் வரும். ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்து மற்றொன்றின் கடைசி நாளைத் தவறவிடுவது ஆண்டுதோறும் நடக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மூன்றாண்டு விடுதியில் தங்கி நூற்பாலையில் வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்று சொல்லி ஏழை வீட்டுப் பெண்களை அழைத்துப்போன ‘சுமங்கலித் திட்டம்’ இந்த வட்டாரத்துக்குப் பெரும் தலைக்குனிவு. பெயர் மறைந்தாலும், தேர்வு முடிந்ததும் கிராமங்களுக்கு வரும் தரகர்கள் மறைந்துவிடவில்லை. இன்று சில ஆலைகள் ‘வேலையும் படிப்பும்’ என்று அழைக்கின்றன. படிப்பு உண்மையானதா என்று அறிய வழி உண்டு: எந்தப் பல்கலைக்கழகம், அதன் தொலைநிலைப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி நடப்பில் இருக்கிறதா, தேர்வு நாட்களில் சம்பளத்தோடு விடுப்பு உண்டா, வாரம் ஒருமுறையாவது வீட்டுக்குப் போகலாமா. பதில் எழுத்தில் வராவிட்டால் அனுப்பக் கூடாது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு, ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டம் எதில் சேர்ந்தாலும் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. பஸ் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் தாங்கும் பணம் அது.

இதைவிடப் பெரிய சலுகை 7.5 சதவீத ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் முதலான தொழிற்படிப்புகளுக்கு 2021இலும் சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்; இதில் இடம் பெற்றவர்களின் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளையை, கடன் வாங்கித் தனியார் விடுதிப் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர் அந்த ஒரே நாளில் இந்த உரிமையை இழக்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன்பே இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சான்றிதழ்களை மே மாதத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வருவாய்த் துறையில் நகர வேண்டியவை. 69 சதவீத இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியர்க்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு 2009 முதல் இருக்கிறது. அச்சமூகத்தினர் மிகுந்த கொங்கு மாவட்டங்களில் சான்றிதழில் உட்பிரிவு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழங்குடியினர் சான்று கோட்டாட்சியர் வரை போகும், நாளாகும். சேலம் மாவட்டத்தில் பழங்குடியாக ஏற்கப்படும் மலையாளி சமூகத்தவர், ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் அதே ஏற்புக்காகப் பல ஆண்டுகள் போராடி வந்திருக்கிறார்கள். மாவட்ட எல்லையைத் தாண்டியதும் ஒரே சமூகத்துப் பிள்ளையின் கல்லூரிக் கனவு வேறாகிவிடுவது அநியாயம்.

பணத்துக்கு வருவோம். கல்விக் கடன் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லாமல் தரப்படுகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள் வாங்குவதாகவும் வட்டி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000, இரண்டாவதற்கு 40,000, பிறகு 30,000, 20,000. கட்டத் தொடங்கும் நாளில் கடன் 5.4 லட்சம். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏழாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் கல்லூரியும் தகுதி பெற்றிருந்தால் அந்த இடைக்கால வட்டியை மத்திய அரசு மானியமாகத் தருகிறது. வங்கியில் கேட்டால்தான் அந்தப் பேச்சே வரும்.

மாதம் ஏழாயிரம் கட்டக்கூடிய சம்பளம் அந்தப் படிப்பில் வருமா? கல்லூரி விளம்பரத்தில் உள்ள ‘அதிகபட்சச் சம்பளம்’ ஒரே ஒரு மாணவருடையது. தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரிகள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் இதற்குக் கீழும் வாங்கும் அளவு) எவ்வளவு என்ற விவரத்தைத் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். சேர்ந்தவர்களுக்கும் உரிய காலத்தில் முடித்தவர்களுக்கும் இடையே உள்ள பள்ளம் பல விளம்பரப் பலகைகளைவிட உண்மை பேசும்.

பொறியியல்தான் என்று முடிவானால், 2018 முதல் கவுன்சலிங் முழுவதும் இணையவழிதான். விருப்பப் பட்டியலில் கல்லூரியும் பிரிவும் சேர்ந்த வரிசைதான் உயிர். கிடைக்குமா என்று பார்த்து எழுதக் கூடாது. வேண்டும் என்ற வரிசையில் எழுத வேண்டும். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கணினி அடுத்ததைப் பார்க்கும், அதனால் இழப்பில்லை. ஆனால் வேண்டாத ஒன்றை மேலே எழுதினால் அதுவே கிடைத்துவிடும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுச் சேரலாம், ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்குக் காத்திருக்கலாம், இதை விட்டுவிட்டு மேல்விருப்பத்துக்கு மட்டும் காத்திருக்கலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், விலகலாம். எதையும் உறுதிசெய்யாமல் விட்டால் இடம் கையை விட்டுப் போய்விடும். பிரவுசிங் சென்டர்க்காரரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். பட்டியலைத் தாளில் எழுதி, பிள்ளையோடு உட்கார்ந்து சரிபார்த்து, பிறகு ஏற்றுங்கள்.

தேறாத பிள்ளைகளும் உண்டு. துணைத் தேர்வு சில வாரங்களிலேயே, ஜூன், ஜூலையில் நடந்துவிடுகிறது. அதில் தேறியவர்களுக்கு அதே ஆண்டிலேயே பொறியியல் துணைக் கவுன்சலிங் உண்டு. கலை அறிவியல் கல்லூரிகளில் காலியிடங்கள் இருக்கும். ஐ.டி.ஐ.க்குப் பத்தாம் வகுப்புச் சான்றே போதும் என்பதால் அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணில் வழிகாட்டுகிறார்கள். முடிவு வெளியாகும் நாளுக்கு முன்பே இந்த விவரமும் இந்த எண்ணும் வகுப்பறைக் கரும்பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.